முப்பத்தேழு

ஆரம்பாக்கம் தாண்டி, தடா செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
பழைய ஐஸ் ஃபேக்டரிக்குள் எங்கள் ஆய்வகம்.
வெள்ளெலி செத்து எத்தனையோ காலம்;
அதன் சூலகத்துச் செல்கள் மட்டும்
ஃபிளாஸ்கில் இன்னும் இரட்டித்துக்கொண்டிருக்கின்றன.

நடுவழியில் அவற்றை நிறுத்த இரண்டு சொட்டுக்
காந்தள் விஷம். பெண்விரலுக்குப் புலவர்கள்
உவமை சொன்ன அதே காந்தள்.
முழங்கை உயரத்திலிருந்து துளியை விட்டால்
கண்ணாடியில் சிதறும் ஊதாச் சேமியா:
குரோமோசோம்கள். இருபத்தொன்று இருக்கவேண்டும். எண்ணுகிறேன்.

இடைவெளி. முறிவு. வளையம்.
இரண்டு இடுப்போடு ஒன்று.
ஒன்றின் கை இன்னொன்றின் தோளில் ஒட்டி.
எங்கள் ஊரில் வாக்கியம் தமிழில் ஏறித் தெலுங்கில் இறங்கும்,
யாருக்கும் வலிக்காது.
இது அப்படியல்ல.

ரசாயனம் உடைத்தால் எண்ணலாம்.
வைரஸ் புகுந்த ஸ்லைடில் எண்ண எதுவுமில்லை,
உரலில் குத்தியதுபோல் நொய்.
அதற்கும் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது.

எந்த ஸ்லைடில் எது என்று
எனக்குத் தெரியக்கூடாது. எண் மட்டும்.
முப்பத்தேழில், நூறு செல்லுக்குப் பதினெட்டு முறிவு.
கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினேன். பதினெட்டு.
'கடும் மருந்து' என்று பென்சிலால் ஓரத்தில் குறித்தேன்.

சாயங்காலம் தேசப்பன் உறையைப் பிரித்தார்.
"முப்பத்தேழு... மருந்தே போடாததும்மா.
வெறும் தண்ணி."
எந்தத் தண்ணி என்றேன்.
அவர் சீலிங்கைப் பார்த்தார்.
"டிஸ்டில் மெஷின் திங்கட்கிழமையே போச்சு.
போர் தண்ணியைத்தான் வடிகட்டி ஊத்தினேன்.
யாரிடமும் சொல்லாதீங்க, முனிரத்னம்மா."

ஸ்லைடு செல்லாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம், இருவரும்.
வெளியே லாரிகள் வரிசையில் நின்று சாவடிக்குக் காத்திருந்தன.
மேசையில் என் பாட்டில்,
அதே குழாயில் காலையில் பிடித்தது,
கழுத்துக்குக் கீழே
பாதி காலி.