வறண்ட

ஏப்ரலும் மேயும் கல்லூரியில் எனக்குச் சம்பளம் கிடையாது.
அந்த இரண்டு மாதமும்
ஒத்தக்கடையில் ஒரு வக்கீல் ஆபீசில் தட்டச்சு.
ஜூனில் ஆர்டர் வந்தால் மறுபடி இரண்டாம் ஆண்டுக்கு
பொருள், வடிவம், வரையறை:
பழைய கிரேக்கம், வாரம் நாலு மணி நேரம்.

இந்தக் கோடையில் நீதிமன்றம் கேட்டது ஒரே கேள்வி.
உப்பிலிப்பட்டி, சர்வே எண் 214,
கண்மாயா, இல்லையா?
நேரில் பார்த்து எழுத ஆணையர் சூசைமாணிக்கம்.
அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்ள நான்.

பதினோரு வருஷமாய்த் தண்ணீர் இல்லை.
கருவேலத்தை வெட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டு
மனைக்கு மனை மஞ்சள் கல் நட்டிருந்தார்கள்.
பிளாட் முப்பத்தேழில் ஒரு ஆடு படுத்திருந்தது.

"தண்ணியே இல்லாதது எப்படிங்க கண்மாய்?
பிணத்தோட கையும் கைதான்னு சொல்வீங்களா?
பேருதான் கை. பிடிக்காது, எடுக்காது."
மனை விற்றவரின் வக்கீல் தெய்வேந்திரன்.
அவர் இதை எங்கும் படித்திருக்க வழியில்லை.
ஆனால் ஏதென்ஸில் ஒரு காலத்தில்
இதே கையை வைத்துத்தான் பேசினார்கள்.
எனக்குப் புல்லரித்துவிட்டது,
குறிப்பெடுக்க மறந்தேன்.

ஊர்க்காரர்கள் பதில் பேசவில்லை, காட்டினார்கள்.
இது கரை. இது மடை.
இது கலுங்கு, தடவிப் பாருங்க என்றார் ஒருவர்.
தடவினேன். நீர் தேய்த்த வழவழப்பு
வெயிலில் சுட்டது.

மண்ணா கண்மாய்? மண் பக்கத்து வயலிலும் இருக்கிறது.
பள்ளமா? பள்ளம் ரிங் ரோட்டிலும் இருக்கிறது.
பொக்கை என்றால் வாயும் கூடவே வந்துவிடும்,
பல் போன சீப்பைப் பொக்கை என்று யார் சொன்னார்கள்?
(கிரேக்கர்கள் இதற்கு மூக்கைச் சொல்வார்கள்.
என் வகுப்பில் பொக்கைதான் எடுபடும்.)
அப்படி, மண்ணோடு சேர்த்தே சொல்லவேண்டிய
ஒரு குழிவு.

செத்த கை கை இல்லை, சரி.
தூங்குகிற தச்சன்?
உளி கையில் இல்லையென்று
விடியும்வரை அவன் தச்சன் இல்லாமல் போவானா?
மே மாதத்தில் நான்?

அப்போது அழகர்மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.
தெய்வேந்திரன் அண்ணாந்து பார்த்தார்.
பிளாட் பன்னிரண்டில் நின்றது அவருடைய வெள்ளைக் கார்.
"ஏப்பா ஒச்சப்பா,
வண்டிய எடுத்துக் கரையில ஏத்து!"

ஒச்சப்பன் ஏற்றினான்.
ஊர்க்காரர்களில் ஒருவர்
துண்டால் வாயைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டார்.
ஆடு எழவில்லை.
மழையும் வரவில்லை, நாலு தூறல்.

காரைக் குறிக்கவா என்று கேட்டேன்.
அதெல்லாம் சாட்சியம் ஆகாதும்மா என்றார் ஆணையர்.
"வறண்ட கண்மாய்னு போடு."
போட்டேன். போட்டபின்தான் பார்த்தேன் அந்த முதல் சொல்லை.
தார் ரோட்டை யாரும் வறண்டது என்பதில்லை,
சிமெண்ட் தரையையும்.
கல்லைக் குருடு என்கிறோமா?
கண் உள்ளதற்குத்தான் குருடு,
கண்மாயிலோ எழுத்திலேயே கண் கிடக்கிறது.
இல்லை என்று சொல்ல வந்த சொல்
எதற்கு இல்லை என்பதையும் சொல்லிவிட்டுப் போகிறது.

அறிக்கைக்கு இரண்டு ஆட்சேபம் வந்தன.
வறண்ட என்பது கூடாது, ஊர்க்காரர்கள்.
கண்மாய் என்பது கூடாது, தெய்வேந்திரன்.
ஒரே பக்கத்தில், அடுத்தடுத்த இரண்டு சொல்.

வாய்தா ஜூன் பதினெட்டு.
அன்றைக்கு எனக்கு வகுப்பு இருக்கலாம்.
ஆர்டர் இன்னும் வரவில்லை.