பட்டாணி அளவு

இந்த வீட்டுக்கு நான் வந்த முதல் டிசம்பரில்
சாலட்டில் ஆப்பிள் போட்டேன்.
எங்கள் பக்கத்தில் போடுவோம்.
புளிப்பு ஆப்பிள், தோல் சீவி,
கருத்துவிடாதபடி கடைசியாக.

முதல் வெள்ளி முளைத்துவிட்டது என்று
ஜன்னலிலிருந்து கத்தினான் ஒலெக்.
உட்கார்ந்தோம்.
பீட்ரூட் சூப் வந்தது, எண்ணெயில் ஊறிய மீன் வந்தது,
பிறகு என் கிண்ணம்.

கிங்காவுக்கு அப்போது பதினொரு வயது.
முள்கரண்டியின் நுனியால்
ஆப்பிளை மட்டும் பொறுக்கினாள்.
கோபமெல்லாம் இல்லை,
பயறில் கல் பொறுக்குகிற கவனம்.
தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள்.
பத்தொன்பது துண்டு.
எண்ணாமல் இருக்கத்தான் பார்த்தேன்.

லெஷெக் மேசைவிரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார்,
அடியில் பரப்பிய வைக்கோல்
எங்கோ துருத்துகிறது என்பதுபோல.
பாத்திரம் கழுவும்போது
தண்ணீர்ச் சத்தத்துக்குள் சொன்னார்:
"இரேனா ஆப்பிள் போடமாட்டாள்."
அவ்வளவுதான்.
அந்தப் பெயரை அவர் சொல்லி
அன்றுதான் கேட்டேன்.

அடுத்த ஆண்டு நான் போடவில்லை.
அதற்கடுத்த ஆண்டும்.

உருளையும் கேரட்டும் செலரிக் கிழங்கும்
தோலோடு வேகும். ஜன்னல் வேர்த்து வழியும்.
ஓல்ஷ்டின் நகரமே தெரியாது வெளியே.
ஆறியதும் ஒலெக் உரிப்பான்,
உரித்ததில் பாதியைத் தின்பான்.
நறுக்குவது கிங்கா.
டப்பாவிலிருந்து ஒரே ஒரு பட்டாணியை எடுத்து
பலகையின் மூலையில் வைத்துக்கொள்வாள், அளவுக்கு.
"இதைவிடப் பெரிசா இருக்கக்கூடாது.
அம்மா சொல்வாள்."
என் துண்டுகள் பெரிசாகத்தான் இருக்கும்.
ஒன்றும் சொல்லாமல் எடுத்து
இன்னொருமுறை வெட்டுவாள்.
நான் ஊறுகாய் வெள்ளரியின் பக்கம்
நகர்ந்துகொள்வேன்.

முட்டை எட்டு. கடுகு விழுது ஒரு கரண்டி.
மிளகு, யாருக்காவது தும்மல் வரும்வரை.
நீல விளிம்பு எனாமல் கிண்ணத்தைப்
பால்கனிப் பனியில் வைப்போம்.
மேலே தட்டு, தட்டின்மேல் இஸ்திரிப்பெட்டி,
காக்கைகளுக்குப் பயந்து.
அன்றே தின்றால்
ஒவ்வொன்றும் தன் ருசியிலேயே நிற்கும்.
ஓர் இரவு குளிரில் ஒன்றாகக் கிடந்தால்தான்
வெள்ளரி சொல்வது
கிழங்குக்குக் கேட்கும்.

ஒன்பது டிசம்பர் இப்படி.
ஆப்பிள் ஆசை வந்தால்
சந்தையிலிருந்து திரும்பும் டிராமில்
தின்றுவிடுவேன்,
கையுறையைக்கூடக் கழற்றாமல்.

இந்த ஆண்டு கிங்கா வரவில்லை.
கிடினியாவில் செவிலியர் பயிற்சி,
பண்டிகை இரவில் அவளுக்கு வார்டு.
நேற்று மதியம் போன் வந்தது.
அவள் அப்பாவுக்கு அல்ல.

"கேரட் எத்தனை?"
நாலு.
"முட்டை?"
நீங்கள் எத்தனை பேர்?
"மூணு. ஒருத்தி உக்ரைன்காரி.
தொத்திறைச்சி போடாமல் இதென்ன சாலட் என்கிறாள்."
அப்படியானால் ஐந்து.
"செலரிக் கிழங்கு கிடைக்கவில்லை."
கிடைக்காவிட்டால் விடு.

பின்னால் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.
யாரோ சிரித்தார்கள்.
பலகையில் கத்தி விழும் சத்தம், சின்னச் சின்னதாக.
போனை வைக்க அவளுக்கும் மனமில்லை போல.
கேட்டுக்கொண்டே நின்றேன்.

"ஆப்பிள்?"

உன் அம்மா போடமாட்டாள், என்றேன்.
"அது தெரியும்."
கத்தி நின்றது.
"ஒண்ணு வாங்கிட்டேன். புளிப்பு.
தோல் சீவணுமா?"

மேசைக்கு அந்தப் பக்கத்தில்
பாதி உரித்த கேரட்டோடு ஒலெக்
என்ன என்று புருவம் உயர்த்தினான்,
இப்போது மீசை அரும்புகிற ஒலெக்.
ஒன்றுமில்லை என்று கையசைத்தேன்.

சீவு, என்றேன்.
கடைசியில் போடு, இல்லாவிட்டால் கருத்துவிடும்.
ஆப்பிள் மட்டும் கொஞ்சம்
பெரிசாக இருந்தால் பரவாயில்லை.
அப்புறம் அந்தப் பட்டாணித் தண்ணீரை
நன்றாக வடி.