காசளவு துளை

கோயில் கூரையில் துளை போட
மேலே ஏறியவன் கொத்தன் பல்தசாரே.
கீழே நூல்குண்டின் முனையைப் பார்த்தபடி
"இன்னும் ஒரு மயிரிழை வடக்கே" என்று
கத்தினார் ஒத்தாவியோ சாமியார்.
இந்தக் கூரைக்குக் கீழே அவ்வளவு உரக்க
யாரும் பேசி நான் கேட்டதில்லை,
ஒருவனைத் தவிர.

நான் ஓர்சோலா. தரை கழுவுகிறவள்.
பாஸ்கா என்றைக்கு வருமென்று
சூரியனையே கேட்டுவிட வேண்டுமாம்.
அதற்குத்தான் துளை.
அதற்குத்தான் தரையில், தெற்கு வடக்காய்,
அறுபது அடிக்கு ஒரு பித்தளைக் கோடு.
வழியில் பழைய ஆயர் ஒருவரின் கல்லறை.
கல்லில் படுத்திருந்தவரின் முழங்காலை
வெட்டிக்கொண்டு போனார்கள்.

துளை வழியே முதலில் வந்தது மழை.
பிறகு புறா எச்சம்.
இரண்டையும் துடைத்தது நான்.

மூன்றாம் வாரம் ஒரு நண்பகல்,
மேகம் விலகியதும் விழுந்தது அது:
சற்றே நீண்ட மஞ்சள்கரு,
ஓரமெல்லாம் நடுங்க.
கணக்கர்கள் நாலு பேர் மண்டியிட்டார்கள்,
செபிக்க அல்ல, அளக்க.
தூரத்திலிருந்து பார்த்தால்
வித்தியாசம் தெரியாது.

பதினோரு வருடத்துக்கு முன்
மூன்றாம் தூணருகே, இதே கல்லில்,
என் மகன் தாதேயோ மண்டியிட்டான்.
கையில் எரியும் மெழுகுதிரி.
பஞ்சாங்கம் அச்சடிக்கும் கடையில்
எழுத்துக் கோர்க்கிற பையன்.
ஒரே ஒரு வரி கோர்த்தான்.
எழுதியவன் ராத்திரியோடு ராத்திரியாய்
ஊரைவிட்டுப் போயிருந்தான்.
"பூமி அசையாது" என்று மூன்று முறை,
கடைசி வரிசைக்கும் கேட்கும்படி
சொல்லச் சொன்னார்கள்.
சொன்னான்.
வீட்டுக்கு வந்து, விரலில் ஒட்டிய மெழுகைச் சுரண்டிவிட்டு
சூப் குடித்தான்.
இப்போது லிவோர்னோ துறைமுகத்தில்
உப்பு மூட்டை எண்ணுகிறான்.
கடிதத்தில் வானிலைகூட எழுதுவதில்லை.

ஒளி நகர்ந்தது.
சாமியார் தன் நாடியைப் பிடித்து எண்ணினார்.
நான் வாளியோடு நின்று கேட்டேன்:
"நகர்வது எது, சாமி?"

எண்ணிக்கை தவறிவிட்டது அவருக்கு.
கூரையைப் பார்த்தார்.
கதவைப் பார்த்தார்.
"கல் ஈரமாயிருக்கிறது, துடை" என்றார்.

குனிந்து துணியை வைத்தேன்.
என் விரல்மேல் ஏறியது வெளிச்சம்,
கதகதப்பாகக்கூட இல்லை.
புறங்கையைக் கடந்தது, மணிக்கட்டைக் கடந்தது,
மூன்றாம் தூணுக்குப் போய்விட்டது.

கையை எடுக்கவில்லை நான்.
யார் கேட்டாலும் சொல்வேன்,
மூன்று முறை வேண்டுமானாலும் சொல்வேன்:
நான் அசையவே இல்லை.