பக்கக் கோடு

ஒற்றையர் பிரிவு என்று பேனரில் போட்டிருந்தார்கள்.
ஒற்றைக்கு எதற்கு 'அர்' என்று
காலையிலிருந்து யோசித்துக்கொண்டே நின்றேன்
தொப்பிக்குள் வேலூர் வெயில் கொதிக்க,
வலது பக்கக் கோட்டின் கடைசியில்.
குடியாத்தத்தில் பி.டி. டீச்சர்;
இந்த ஆறு நாளைக்கு லைன் அம்பயர்.
தினப்படி, மதியச் சோறு, வெள்ளை டீ-ஷர்ட் இரண்டு.

கேலரியில் பதினேழு பேர்.
ஒன்பது பேர் ஆஸ்பத்திரிக்கு வந்த வங்காளிகள்.
டோக்கன் மூன்று மணிக்குத்தானாம்.
எக்ஸ்ரே கவரைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு
இரண்டு பெண்களுக்கும்
மாறி மாறிக் கைதட்டினார்கள்.

இந்தப் பக்கம் ஹூப்ளிக்காரி, சுமேதா.
அந்தப் பக்கம் தாஷ்கண்டிலிருந்து வந்த நெட்டைப் பெண்;
பலகையில் இடம் போதாமல்
அவள் பெயரைப் பாதியில் நிறுத்தியிருந்தார்கள்.
இரண்டு மணி ஐம்பது நிமிடம்.
பெட்டியில் ஐஸ் தீர்ந்து
ஜூஸ் கடையில் கடன் சொல்லி வாங்கி வந்தார்கள்.
மூன்றாம் செட்டில் சுமேதா
வட்டிக்காரன் பின்னால் வருகிறமாதிரி ஓடினாள்
ஒவ்வொரு பந்துக்கும்.

டை-பிரேக். ஐந்து, ஆறு.
கோட்டை ஒட்டி அடித்தாள்.
பின்னால் மொட்டை மலை வெளுத்துக் கிடந்தது,
பந்தும் வெளுத்திருந்தது.
'அவுட்' என்றது என் வாய்.
கை அதற்கு முன்பே நீண்டுவிட்டது.

செம்மண் என்றால் தடம் இருக்கும்.
இந்த நீலத் தரை
எதையும் வைத்துக்கொள்வதில்லை.

அவள் சண்டை போடவில்லை.
ஒன்று எண்ணும் நேரம் என்னைப் பார்த்தாள்.
பிறகு வலைக்குப் போய்க் கைகுலுக்கினாள்.

தரை பெருக்கும் தசரதன் கேட்டான்:
'இன்னா டீச்சர், உள்ள தான வுழுந்துச்சி?'
'நீ எங்கடா இருந்த?'
'தண்ணி டேங்க் மேல.'

கண் சிமிட்டினேனா?
சிமிட்டினேன்.
இல்லை, அது அதற்கு முந்தைய பந்து.

இரவு காட்பாடி, இரண்டாம் நடைமேடை.
ஹூப்ளி வண்டி நாற்பது நிமிடம் லேட்.
என் பாசஞ்சர் எப்போது என்று யாருக்கும் தெரியாது.
தொப்பியில்லாமல், மாம்பழ நிறச் சேலையில்
என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.
முட்டியில் துணி சுற்றிய ஐஸ்.
மடியில் தயிர்சாதப் பொட்டலம், பாதி தின்றது.
ஆளுக்கொரு பெஞ்ச்.
ஒற்றையர்.

'அக்கா, எஸ் நாலு எங்க நிக்கும்?'
பெட்டி எண் காட்டும் விளக்கு எரியவில்லை.
வாய்க்கு முன்னால் கை நீண்டது,
விரல் சேர்த்து, தோள் உயரத்தில், வலது பக்கம்.

கையைத்தான் பார்த்தாள்.
விரல் நுனியிலிருந்து தோள் வரைக்கும்,
பிறகு முகத்தை.
பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு
மெதுவாகக் கேட்டாள்:
'நல்லா தெரியுமா?'

தெரியும் என்றேன்.

வண்டி வந்தது. நான் காட்டிய இடத்தில்
எஸ் எட்டு நின்றது.
ராக்கெட் பையோடு அவள் ஓடினாள்,
சின்னப் பையைத் தூக்கிக்கொண்டு நானும் ஓடினேன்,
சேலையைச் செருகிக்கொண்டு,
முறுக்குக்காரரை இடித்துக்கொண்டு.
ஏறிவிட்டாள்.
பையை எட்டி வாங்கிக்கொண்டாள்.
வண்டி நகர்ந்ததும் கதவில் நின்று
கையை நீட்டினாள்,
விரல் சேர்த்து, தோள் உயரத்தில்.
சிரித்தாளா என்று பார்ப்பதற்குள்
அடுத்த பெட்டி மறைத்துவிட்டது.

நாளைக் காலை எட்டுக்குக் கால் இறுதி.
அதே கோடு.

பாசஞ்சரில் ஜன்னலோரம் கிடைத்தது.
லத்தேரி வரைக்கும்
கண் சிமிட்டாமல் இருக்க முடிகிறதா என்று பார்த்தேன்.
பாலாற்றுப் பக்கமிருந்து காற்று மணலோடு வந்தது.
முடியவில்லை.