மிதிக்காத பிரேக்

புளியரை செக்போஸ்டில்
எனக்கு முன்னால் நின்ற குட்டியானை
மூன்று தடவை என்னை ஏமாற்றியது.
பின்னால் இரண்டு சிவப்பும் பளீரென்று எரிந்தால்
காலை வைத்திருக்கிறான், கிளம்பப் போகிறான்
என்றுதானே அர்த்தம்.
நானும் சாவியைத் திருகுவேன்.
வரிசை நகராது. அணைப்பேன்.
போன டீசலை யாரிடம் கேட்க?

உத்திராடத்துக்கு முந்தின ராத்திரி.
அவன் வண்டியில் சுந்தரபாண்டியபுரத்துக் கேந்திப்பூ.
என் வண்டியில்
பாவூர்சத்திரத்து வெண்டையும் தடியங்காயும்.
மேற்கேயிருந்து சாரல்.
சாக்குக்கு வெளியே பிதுங்கிய மஞ்சளெல்லாம்
அந்த வெளிச்சத்தில் செவ்வரளியாகிக் கிடந்தது.

இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன்.
சீட்டில் குறுக்கே படுத்திருந்தான்.
சாவி சட்டைப்பையில்.
கால் இரண்டும் ஜன்னலுக்கு வெளியே,
பெருவிரலில் மழை சொட்டிக்கொண்டு.
பிறகு யாருடைய கால், பிரேக்கில்?

திவான் மைதீன் என்று பேர் சொன்னான். வடகரை.
கண்ணைக் கசக்கியபடி பின்னால் வந்து பார்த்தான்.
"சாவிய எடுத்துட்டேனே, அண்ணாச்சி."
எடுத்துக் காட்டவும் செய்தான்,
நான் ஏதோ வழக்குப் போட்ட மாதிரி.
அதுக்குச் சாவி வேண்டாம், தம்பி.
பேட்டரியிலிருந்து நேராப் போற ஒயர்.
வண்டி தூங்கினாலும் அது தூங்காது.

ஃபியூஸைப் பிடுங்கினோம். அணைந்தது.
அவனுக்குச் சந்தோஷம். எனக்கு இல்லை.
கோட்டைவாசல் ஏறி, கழுதுருட்டி இறங்கி,
தென்மலை வரைக்கும் வளைவும் மஞ்சும்.
நீ மிதிக்கிறது எனக்கு எப்படித் தெரியும்?
உன் பூவுக்குள்ளே என் தடியங்காய் வந்து இறங்கும்.
திரும்பச் சொருகினோம்.
எரிந்தது.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
மிதிக்குக் கீழே தலையை விட்டேன்.
தரைவிரிப்பில் கறுப்பாய், பொடிப்பொடியாய்,
எலி கடித்துத் துப்பின மாதிரி ரப்பர்.
முழுசாக இருந்தபோது
சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்திருக்கும்.
மிதி மேலே வந்து அமரும்போது
சுவிட்சின் மூக்கை அமுக்கிப் பிடிப்பது அதன் வேலை.
அது உதிர்ந்துபோன ஓட்டைக்குள் மூக்கு நுழைந்து
மிதிக்கிறான், மிதிக்கிறான் என்று
பொழுது சாய்ந்ததிலிருந்து
சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

விரலை வைத்தேன், அணைந்தது.
எடுத்தேன், எரிந்தது.
மறுபடி வைத்தேன்.
"என்னவே, விளையாடுதியளா?"
பின்னால் நின்ற வைக்கோல் லாரிக்காரன்.

என் விரலைக் கொல்லத்துக்கு அனுப்ப முடியாது.
செருப்பை அறுக்கலாம் என்றால் கத்தி இல்லை.
அவன் டேஷ்போர்டைத் துழாவினான்.
எடைச்சீட்டு, இன்சூரன்ஸ் நகல், பாதி பாக்கு,
எல்லாவற்றுக்கும் அடியில்
ஆரியங்காவில் போன வாரம் வாங்கின லாட்டரி.
நாலாய் மடித்து, எட்டாய் மடித்து,
நகத்தால் நீவி,
இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி ஓட்டையில் அடைத்தோம்.

இருட்டு.
சாக்கில் பூ இருப்பதே தெரியவில்லை.
அவன் ஏறி மிதித்துக் காட்டினான், சிவப்பு.
விட்டான்,
சாரல் சத்தம் மட்டும்.

"ரிசல்ட் பாத்தாச்சா?"
அப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.
"இல்ல."
இரண்டு பேரும் மிதியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
அதற்குள் கேட்டைத் தூக்கிவிட்டார்கள்.

பேட்டரி செத்திருந்தது. தள்ளினோம்.
லாரிக்காரனும் திட்டிக்கொண்டே வந்து தோள் கொடுத்தான்.
மலை முழுக்க அவன் பின்னால் போனேன்.
மஞ்சுக்குள் வண்டி தெரியவில்லை, பூ தெரியவில்லை.
சிவந்தால் மிதித்தேன்,
அணைந்தால் விட்டேன்.
ஒருதடவைகூட பொய் சொல்லவில்லை.

அந்த ரப்பர் இருபது ரூபாய்,
தென்காசியில் கடைக்குக் கடை தொங்குகிறது.
கார்த்திகையும் வந்துவிட்டது, அவன் வாங்கவில்லை.
பிரித்துப் பார்க்கவும் இல்லை.
புளியரை வரிசையில் அவனுக்குப் பின்னால் மாட்டும்போது
தலையை வெளியே நீட்டிக் கேட்பேன்,
"கோடி பத்திரமாய்யா?"
திரும்பமாட்டான்.
ஒருதடவை மிதித்து விடுவான்.