வளை

லோமேயில், துறைமுகச் சாலைக்குப் பின்னால்
என் அச்சகம். இரண்டு எந்திரம், ஒரு மின்விசிறி.
பதினோரு வருடம் டெடே அயித்தேக்கு
நண்டு அச்சடித்தேன்.

சிவப்பு நண்டு. கொடுக்கு இரண்டு, கால் ஏழு.
எட்டாவதை வரையும்போது பேனாவில் மை தீர்ந்ததாம்.
'இருக்கட்டும், அப்படியே போடு,
மிளகாய் விழுது காத்திருக்காது.'

பிறகு ஹெட்ஸ்ரனாவே சந்தையில்
எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களும் கேட்டார்கள்:
'கால் குறைந்த நண்டு இருக்கா?'
மூடியைத் திறந்து முகரவில்லை.
நண்டைப் பார்த்தார்கள், காசை நீட்டினார்கள்.
அவள் கண்ணெரிய வறுத்ததெல்லாம்
அந்த ஏழு காலில்தான் நின்றுகொண்டிருந்தது.
அப்போது எனக்குத் தோன்றவில்லை.
நான் தாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஹர்மத்தான் புழுதி வீசிய ஒரு வியாழன்
சோசூ வந்தான், கையில் பளபளப்பான கோப்பு.
உள்ளே அதே நண்டு.
மை தீர்ந்த இடம்கூட அதே இடம்.
கீழே முத்திரை, எண், தேதி.
'ஐம்பதாயிரம் லேபிள் அடி.'

இது டெடேயுடையது என்றேன்.
'எங்கே எழுதியிருக்கிறது?'
கோபமில்லை. மணி கேட்பதுபோல் கேட்டான்.

சுவர்க் கம்பியில் குத்திய ரசீதுகளைப் புரட்டினேன்.
'நண்டு, சிவப்பு, இரண்டாயிரம்' என்றிருந்தது.
யாருடைய நண்டு என்று எந்த ரசீதிலும் இல்லை.

அடித்தேன்.
அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.
வாடகை மூன்று மாதம் பாக்கி.

நான் பதித்தது மை.
அவன் பதிந்தது பெயர்.
இரண்டும் ஒன்றென்று இருந்துவிட்டேன்.

முதல் வாரமே டெடேயிடம் சண்டைக்கு வந்தார்கள்:
'என்ன, உன் நண்டு தண்ணியாகிவிட்டது?'
இரண்டாம் வாரம் வக்கீல் கடிதம், அவளுக்கு.
நண்டைத் திருடினாளாம்.

நானூறு புட்டிகளை ஊறப்போட்டு
லேபிளைச் சுரண்டினாள்.
நகக்கண்ணெல்லாம் சிவப்பு.
மிளகாயா, நண்டா, தெரியவில்லை என்றாள்.

வழக்குப் போடு, சாட்சிக்கு நான் வருகிறேன் என்றேன்.
'வா. அது வருஷக்கணக்கில் நடக்கும்.
புட்டி நாளைக்குப் போகணும்.'

மடித்த தாளொன்றை மேசையில் விரித்தாள்.
மணலில் ஒரு துளை. அதன் வாயில் ஏழு கீறல்,
ஏதோ இப்போதுதான் ஓடி மறைந்ததுபோல.

'கொழுத்த நண்டு வளையில் தங்காது.
போகட்டும், அவனோடேயே இருக்கட்டும்.
வளை என்னுடையது.'

எந்திரத்தை நோக்கி நீண்ட என் கையைத்
தட்டிவிட்டாள்.

பையிலிருந்து இன்னொரு தாள்:
விண்ணப்ப எண், இன்று காலைத் தேதி,
முத்திரையில் இன்னும் ஈரம்.

ஒருமுறை நான் வாசிக்கக் காத்திருந்தாள்.
இரண்டாம் முறையும்.

'இப்போ அடி.'