இரண்டாம் பாகம்

ஸ்ரீராமபுரத்தில் அன்று
இடைவேளைக்கே எழுந்துவிட்டோம்.
முதல் பாகத்தில் லாரியை உதைத்து நிறுத்தியவன்
இதில்
வட்டிக்காரன் முன் கைகட்டி நிற்கிறான்.
காசைத் திருப்பிக் கொடு என்று
தமிழிலும் கன்னடத்திலும் கத்தினேன்.
தயாளன் மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.
ஆறு மாதம் அவனோடு பேசவில்லை.

இப்போது மறுவெளியீடு. ஒயிட்ஃபீல்டு மால்.
அதே காட்சிக்கு
அன்று பிறந்தேயிராத பிள்ளைகள்
விசிலடிக்கிறார்கள்.
"ஃபர்ஸ்ட் பார்ட் வெறும் பில்டப்புப்பா,
இதுதான் படம்" என்கிறாள் மகள்.

வீட்டுக்கடன் மேனேஜர் அறையில்
என் கைகள் எங்கே இருந்தன என்று
அவளுக்குத் தெரியாது.

பாப்கார்னைக் கீழே வைத்துவிட்டு
தயாளனுக்கு மெசேஜ் அடித்தேன்:
"அந்தப் பனிமலைப் பாட்டு
இன்னைக்கும் மட்டம்தான்டா."